ஜானகி ஏன் கப்பல் ஏறவில்லை?

2024 ஜனவரி 1-ம் தேதியிலிருந்து இங்கிலாந்தில் ஒரு புது விதி. அங்கே எம்.எஸ்சி., எம்.பி.ஏ. மாதிரி பாடம் நடத்தும் முதுகலைப் படிப்புக்குப் போகிறவர்கள் மனைவியையோ, கணவனையோ, குழந்தையையோ கூட அழைத்துப் போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்புக்கும், அரசாங்க உதவித்தொகையில் போகிறவர்களுக்கும் மட்டும் விலக்கு. இது வந்ததிலிருந்து எங்கள் பி.காம். வகுப்பில் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே 'டிபெண்டென்ட் விசா போச்சுடா' என்றுதான் முடிகிறது. யாருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது வேறு விஷயம் :-)

டிபெண்டென்ட் என்றால் சார்ந்திருப்பவர். எங்கள் பாஷையில் சொன்னால், பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புகள் பக்கத்தில் எழுதப்படுகிற மனுஷர். இந்தச் சார்ந்திருப்பவர்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். தோண்டத் தோண்ட ஒரே ஒரு ஆள்தான் கண்முன் வந்து நின்றார். கும்பகோணத்தில் மாமியார் வீட்டில் உட்கார்ந்திருந்த ஜானகி.

கணிதமேதை ராமானுஜத்தைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. 1909 ஜூலை 14-ல் அவருக்குக் கல்யாணம். பெண் ஜானகிக்குப் பத்து வயது, குளித்தலை பக்கம் ராஜேந்திரம் கிராமம். அந்தக் கால வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் பெண் பிறந்த வீட்டுக்கே போய்விட்டாள். ராமானுஜம் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா ஆகிறார். அதற்குப் பிறகுதான் ஜானகி சென்னைக்கு வந்து சேர்கிறார், மாமியார் கோமளத்தம்மாளோடு. ஆகமொத்தம் அவர்கள் ஒரே வீட்டில் இருந்தது ஒன்றிரண்டு வருஷம். 1914 மார்ச் 17-ல் ராமானுஜம் எஸ்.எஸ். நெவாசா கப்பலில் ஏறிவிட்டார். ஜானகிக்குப் பதினைந்து வயது ஆக இன்னும் நாலே நாள் பாக்கி.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்றேன். 1914-ல் விசா என்று ஒன்று கிடையாதே? இந்தியர்களும் பிரிட்டிஷ் ராஜாவின் பிரஜைகள். கப்பல் டிக்கெட் இருந்தால் லண்டனில் இறங்கிவிடலாம், அவ்வளவுதான். பாஸ்போர்ட் கட்டாயம் ஆனதே முதல் உலகப்போர் சமயத்தில்தான். நம் நாட்டில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது 1920-ல். அதாவது ஜானகியைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை, எந்த அதிகாரியும் இல்லை, பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கவும் ஆள் இல்லை. அப்படியும் அவர் போகவில்லை.

பணம் இல்லையோ? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்தது வருஷத்துக்கு 250 பவுண்டு, தவிர கப்பல் செலவும் துணிமணிச் செலவும். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு. அப்போது ஒரு பவுண்டு 15 ரூபாய். 250 பவுண்டு என்றால் 3,750 ரூபாய். குமாஸ்தாவாக அவர் வாங்கியது வருஷத்துக்கு 360 ரூபாய். பத்து மடங்கு! இதில் 50 பவுண்டை ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு என்று ஒதுக்கிவிட்டார். மாதம் அறுபது ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வருகிறது, கும்பகோணத்தில் அது நல்ல பணம். மிச்சத்தில் அவர் சிக்கனமாக இருந்து சேமிக்கவும் செய்தார். 1919 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில், தனக்குத் தருவதாகச் சொல்லும் தொகை மிக அதிகம், மீதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆக பணம் இடிக்கவில்லை. இரண்டு பேர் அந்தப் பணத்தில் தாராளமாக வாழ்ந்திருக்க முடியுமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாழவே முடியாது என்று சொல்கிற தொகை இல்லை அது.

இடித்தது வீடு. கடல் தாண்டினால் ஆசாரம் கெட்டுவிடும் என்ற காலம். ராமானுஜமே போவதற்கு எவ்வளவு பாடு! 1913-ல் ஹார்டி கூப்பிட்டபோது மறுத்துவிட்டார். பிறகு நெவில் சென்னைக்கு வந்து பேசி, அம்மாவுக்குக் கனவில் நாமகிரித் தாயார் உத்தரவு கொடுத்து (அப்படித்தான் சொல்வார்கள்) ஒருவழியாகக் கிளம்பினார். கிளம்புவதற்கு முன் அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். அப்புறம்தான் குடுமியை எடுத்தார். குடுமி இல்லாத தலையை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று. ஆண்பிள்ளைக்கே இந்தக் கதை என்றால் பதினைந்து வயது மருமகளைக் கப்பலில் ஏற்றுவார்களா?

ராபர்ட் கனிகல் 1991-ல் எழுதிய ராமானுஜம் வரலாற்றைப் படித்தால், மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே இருந்த இழுபறி தெரியும். ராமானுஜத்திடமிருந்து வரும் கடிதங்களும், ஜானகி எழுதும் கடிதங்களும் மாமியார் கையைத் தாண்டவில்லை. ஒரு கட்டத்தில் ஜானகி அந்த வீட்டை விட்டுத் தன் சகோதரனிடம் போய்விட்டார். மனைவியிடமிருந்து ஏன் ஒரு வரி கூட வரவில்லை என்று அங்கே அவர் குழம்பிக்கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் தானே சமைத்து, நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்டு, 1917-ல் படுத்தவர் சானடோரியம் சானடோரியமாக மாறினார்.

"ஜானகி கூடப் போயிருந்தால் ராமானுஜம் பிழைத்திருப்பார்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1914 ஆகஸ்டில் போர் ஆரம்பித்தது. காய்கறிக்கே தட்டுப்பாடு. இங்கிலீஷ் தெரியாத, குளிர் பழகாத ஒரு சின்னப் பெண் அங்கே போய் ரசம் வைத்துக் கொடுத்துக் கணவனைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பது அவள் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது. அவளுக்கு அங்கே என்ன கிடைத்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை பாருங்கள். கூடப் போனாலும் அவள் சமையல்காரி, போகாவிட்டாலும் சாவுக்குக் காரணம்!

1919 மார்ச் 27-ல் பம்பாயில் வந்து இறங்கியபோது அம்மாவும் தம்பியும் நின்றார்கள். ஜானகி இல்லை. அவள் எங்கே என்று ராமானுஜம் முதலில் கேட்டதாகச் சொல்வார்கள். பிறகு ஜானகி வந்து சேர்ந்தார், ஒரு வருஷம் பணிவிடை செய்தார். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் எல்லாம் முடிந்தது. கடல் கடந்து போனவர் என்று உறவினர்கள் பலர் சாவுக்குக் கூட வரவில்லை. ஜானகிக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த பென்ஷன் மாதம் 20 ரூபாய். அவர் தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்து வாழ்ந்தார், ஒரு பையனையும் எடுத்து வளர்த்தார். 1994 வரை இருந்தார்.

ராமானுஜத்துக்கு 26 வருஷம் முன்னால் போன இன்னொருவர் கதையையும் சொல்ல வேண்டும். மோகன்தாஸ் காந்தி, 1888 செப்டம்பர் 4, பம்பாய். ராஜ்கோட்டில் மனைவி கஸ்தூரிபாய், கைக்குழந்தை ஹரிலால். படிப்புச் செலவுக்கு முதலில் அவர் யோசித்தது மனைவியின் நகையை விற்கலாம் என்றுதான். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் தேறும் என்று சத்திய சோதனையில் எழுதுகிறார். (நகையை வைத்துப் புருஷன் ஃபாரின் போகிற வழக்கம் நேற்று வந்ததில்லை!) கடைசியில் அண்ணன் பணத்துக்கு ஏற்பாடு செய்தார். சாதிப் பஞ்சாயத்து அவரைத் தள்ளி வைத்தது. வழியனுப்பப் போகிறவனுக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம்.

அதே புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு இடம். இங்கிலாந்தில் இந்திய மாணவர்கள் கல்யாணம் ஆனதையே மறைப்பார்களாம். அங்கே மாணவன் என்றால் பிரம்மச்சாரி. மனைவி இருக்கிறாள் என்று சொல்ல வெட்கம், அதோடு சொல்லிவிட்டால் அங்குள்ள பெண்களோடு வெளியே போய்ப் பேசிச் சிரிக்க முடியாது. காந்தியும் மறைத்தார், பிள்ளை இருப்பதையும் மறைத்தார், பிறகு ஒரு அம்மாளுக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். கூட்டிப் போகாதது மட்டுமில்லை, மனைவி என்ற ஆளே கணக்கில் இல்லை.

இதற்குத் தலைகீழாக ஒன்று. 1883-ல் ஆனந்திபாய் ஜோஷி டாக்டருக்குப் படிக்கக் கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போனார், வயது 18. போகச் சொன்னது கணவர் கோபால்ராவ். அவர் இங்கேயே இருந்துவிட்டு, பட்டம் வாங்குகிற சமயத்தில்தான் போய்ச் சேர்ந்தார். ஆனந்திபாய் 1886 மார்ச்சில் டாக்டர் ஆனார், 1887 பிப்ரவரியில் காசநோயில் இறந்துவிட்டார். இன்னும் 22 வயது நிரம்பவில்லை.

சரி, எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் விட்டால் செஞ்சிக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வெளியூர் போன ஆளும், பின்னாலேயே வந்த குடும்பமும், இடையில் மாட்டிக்கொண்ட கதையும் எங்கள் கோட்டையிலேயே இருக்கிறது. 1689-ல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றதும் தம்பி ராஜாராம் ராய்கட்டிலிருந்து தப்பி, மாறுவேஷத்தில் செஞ்சிக்கு வந்தார். படிக்க இல்லை, பிழைக்க. மனைவிகள் பிறகு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் தாராபாய்க்கு 1696-ல் மகன் பிறந்தது செஞ்சியில்தான். 1698-ல் கோட்டை மொகலாயர் கைக்குப் போகும் நேரத்தில் ராஜாராம் தப்பிவிட்டார், குடும்பம் சுல்பிகர் கானிடம் பிடிபட்டது. பிறகு விடுதலையானார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் டூரிஸ்ட் கூட்டம். ராஜகிரியில் ஏறி செல்ஃபி எடுப்பவர்களுக்கு ராஜாராம் பெயரே தெரிவதில்லை, தாராபாய் எங்கே தெரியப்போகிறது.

வீடு தடுத்த காலம் இது என்றால், சட்டம் எப்போது வாசலில் வந்து நின்றது? அதற்குத் தென்னாப்பிரிக்கா போக வேண்டும். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனது. அடுத்தடுத்த வருஷங்களில் எங்கள் தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்தும் ஏராளம் பேர் போனார்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்று பிறகு ஒரு விதி. வேலைக்கு ஆள் வேண்டும் என்றபோது பெண்கள் வந்தே ஆகவேண்டும் என்றார்கள். வேலை முடிந்து சொந்தமாக வாழ ஆரம்பித்ததும், யார் மனைவி, யார் இல்லை என்று கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

1913 மார்ச் 14-ல் கேப் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பலதாரமணத்தை அனுமதிக்கும் மதப்படி நடந்த கல்யாணம் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் ஆகாது. வழக்கு, இந்தியாவிலிருந்து வந்த பாய் மரியம் என்ற பெண்ணை அவர் கணவரிடம் போக விடவில்லை என்பது. ஒரு பெண்ணுக்குச் சொன்ன தீர்ப்பு, ஆயிரக்கணக்கான இந்து, முஸ்லிம் மனைவிகளை ஒரே நாளில் மனைவி இல்லை என்று ஆக்கிவிட்டது. அதுவரை கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தது பெரும்பாலும் ஆண்கள். இந்தத் தீர்ப்புக்குப் பிறகு பெண்கள் சிறைக்குப் போனார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டிப் போய் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்தைக் கிளப்பியவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் இறந்தார். வயது 16. அதே 1914-ல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒரு மனைவியை ஏற்றுக்கொண்டது.

வள்ளியம்மை இறந்து மூன்று வாரம் கழித்துத்தான் நெவாசா சென்னையிலிருந்து கிளம்பியது. ஒரு பக்கம் மனைவியாகக் கூட வாழும் உரிமைக்காக ஜெயிலுக்குப் போகும் தமிழ்ப் பெண்கள், இன்னொரு பக்கம் எந்தச் சட்டமும் தடுக்காமலே வீட்டில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்! இந்த இரண்டையும் ஒரே வருஷத்தில் பார்த்தபோதுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அமெரிக்கா விஷயம் வேறு மாதிரி. 1917 சட்டம் ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவை மூடியது. ஆனால் மாணவர், ஆசிரியர், டாக்டர், வியாபாரி என்று சிலருக்கு விலக்கு, அவர்களின் மனைவிக்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் சேர்த்து. 1924-ல் அடுத்த சட்டம். அதில் பேராசிரியர், மதகுரு வந்தால் மனைவி மக்களும் வரலாம். அடுத்த பத்தியிலேயே மாணவர்கள். அங்கே மனைவி என்ற சொல்லே இல்லை. வாத்தியாருக்குக் குடும்பம் உண்டு, படிக்கிறவனுக்குக் கிடையாது. மாணவன் என்றால் பிரம்மச்சாரி என்ற, காந்தி பார்த்த அதே எண்ணம்தான். 1961-ல் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம் வந்த பிறகுதான் மாணவரின் மனைவிக்கோ கணவனுக்கோ, பிள்ளைகளுக்கோ என்று தனி வகை வந்தது. இன்றைய எஃப்-2 விசா அதுதான். அதில் போனால் வேலை பார்க்க முடியாது, முழுநேரப் பட்டப்படிப்பும் படிக்க முடியாது. அதே 1961 சட்டத்தில் பிறந்த ஜே வகையில் போகிறவரின் துணை, அனுமதி வாங்கி வேலை பார்க்கலாம். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் யாரிடமும் திருப்தியான பதில் இல்லை.

கூடப் போனவர்கள் என்ன ஆனார்கள்? எஸ். சந்திரசேகர் 1930-ல் 19 வயதில் கேம்பிரிட்ஜ் போனார். திரும்பி வந்து 1936-ல் லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்கா கிளம்பினார். லலிதா பிரசிடென்சி கல்லூரியில் அவரோடு இயற்பியல் படித்தவர். சந்திரசேகருக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது. லலிதா 2013-ல் 102 வயதில் இறந்தபோது வந்த செய்திகளில் பெரும்பாலும் சந்திரசேகரின் மனைவி என்றுதான் இருந்தது. அவர் அதைக் குறையாகச் சொன்னாரா என்பதல்ல, ஒரு இயற்பியல் மாணவி கப்பலில் ஏறி மனைவியாக இறங்கினார் என்பதைத்தான் கவனிக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம்மிடம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1925-ல் அரசாங்க உதவித்தொகையில் மேற்பயிற்சிக்கு லண்டன் போனார். கணவர் டாக்டர் சுந்தர ரெட்டியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு! யோசித்துப் பாருங்கள், கோமளத்தம்மாள் காலத்துக்குப் பத்தே வருஷம் பின்னால். படிக்கப் போனவர் மனைவி, சார்ந்திருப்பவர் கணவர். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். அடுத்த வருஷம் பாரிஸில் பெண்கள் மாநாட்டில் பேசிவிட்டுத் திரும்பி, 1927-ல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் ஆனார். டிபெண்டென்ட் வரலாற்றில் சுந்தர ரெட்டிக்குத்தான் நான் சிலை வைப்பேன்.

இங்கிலாந்துக்கு வருவோம். 1962 வரை காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. அதன்பிறகு கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு, ஆனாலும் மாணவரின் குடும்பத்துக்கு ஏதோ ஒரு வழி இருந்தது. 2019-ல் மாணவர்களைச் சார்ந்தவர்களுக்குக் கொடுத்த விசா சுமார் 16,000. 2022-ல் 1,36,000. எட்டு மடங்கு. நைஜீரியா முதலிடம், அடுத்தது இந்தியா. படிப்பு முடிந்து இரண்டு வருஷம் வேலை தேடலாம் என்று 2021-ல் வந்த திட்டம்தான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். நம்ம ஊர் ஏஜென்சிகளும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் ஃபீஸில் இருவர் வேலை என்கிற ரேஞ்சுக்குக் கூவினார்கள். 2023 மே மாதம் அந்நாட்டு அரசு தடையை அறிவித்தது. கனடாவும் 2024-லும் 2025-லும் மாணவரின் துணைக்கு வேலை அனுமதியைச் சுருக்கி, 16 மாதத்துக்குக் குறையாத முதுகலை, முனைவர் பட்டம், சில தொழிற்படிப்புகள் என்று நிறுத்திவிட்டது.

தடையைத் திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எட்டு மடங்கு ஏறியதில் எத்தனை பேர் கூட வாழப் போனார்கள், எத்தனை பேர் கடனை அடைக்க இரண்டாவது சம்பளமாகப் போனார்கள்? இரண்டாவது வகையை நான் குறை சொல்லவில்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்கினால் இரண்டு சம்பளம் வேண்டும்தான். ஆனால் அன்று 40 பெண்கள் என்று கப்பலில் எண்ணி ஏற்றியதற்கும் இதற்கும் தூரம் ரொம்ப இல்லை என்று படுகிறது.

கடைசியாக ஒரு விளையாட்டுக் கணக்கு. ராமானுஜம் இன்று கேம்பிரிட்ஜ் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முனைவர் பட்ட ஆராய்ச்சி, அதனால் ஜானகியை அழைத்துப் போகலாம், 2024 தடை அவருக்கு இல்லை. ஜானகிக்காக 2025-ம் வருஷ விதிப்படி மாதம் 680 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 6,120 பவுண்டு கையிருப்பு காட்ட வேண்டும். அது லண்டனுக்கு வெளியே என்பதால், லண்டன் என்றால் மாதம் 845. மருத்துவ வரி வருஷத்துக்கு 776 பவுண்டு. விசா கட்டணம் 524 பவுண்டு. முதல் வருஷத்துக்கே 7,420 பவுண்டு, ஏறக்குறைய எட்டரை லட்சம் ரூபாய். துறைமுகக் குமாஸ்தாவால் ஆகிற காரியமா? சரி, உதவித்தொகையில் சமாளித்தார் என்றே வைப்போம். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, கூட வாழ்ந்த ஆதாரம் எல்லாம் கொடுத்து விண்ணப்பம் போடுகிறார். அதிகாரி பிறந்த தேதியைப் பார்க்கிறார். 1899 மார்ச் 21. பதினைந்து வயது ஆகவில்லை. விசாவுக்குத் துணைக்கு 18 ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம் தள்ளுபடி. அதோடு கும்பகோணம் போலீஸுக்கும் ஒரு போன் போகும், அங்கே மாட்டப்போவது ராமானுஜமும் கோமளத்தம்மாளும்தான். ஜானகி பள்ளிக்கூடம் போயிருப்பார், ஒன்பதாம் வகுப்பு.